ஒளிச்சேர்க்கையைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் ஹைட்ரில்லா என்கிற நீர்த்தாவரம் ஒரு கட்டு வாங்குங்கள். நல்ல பச்சைத் தண்டாக எடுத்து, தண்ணீருக்குள்ளேயே வெட்டி, வெட்டிய முனை மேலே இருக்கும்படி கண்ணாடி டம்ளரில் முழுக்க மூழ்கவிட்டு, கரியமில வாயு கிடைக்க ஒரு சிட்டிகை ஆப்ப சோடா கலந்து, மொட்டைமாடியில் காலை வெயிலில் வையுங்கள். உச்சி வெயில் வேண்டவே வேண்டாம், தண்ணீர் சூடானால் கரைந்திருக்கும் காற்றே டம்ளர் சுவரில் குமிழாக ஒட்டும், அது கணக்கில்லை. வெட்டிய முனையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவதுதான் நமக்கு வேண்டிய ஆக்சிஜன் குமிழ். அது எங்கிருந்து வருகிறது? இலைச் செல்லில் உள்ள பச்சை நிற நுண்ணுறுப்பான பசுங்கணிகத்துக்குள் காசு அடுக்கியதுபோல் இருக்கிற தைலக்காய்டு என்ற தட்டையான பைகளில், ஒளியின் ஆற்றலால் நீர் பிளக்கும்போது வெளியாகிறது. அங்கே சேர்ந்த ஆற்றலை வைத்துச் சுற்றியுள்ள ஸ்ட்ரோமா என்ற திரவத்தில் சர்க்கரை தயாராகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! அப்புறம் டம்ளரை அட்டைப்பெட்டியால் மூடிவைத்து, சற்று நேரம் கழித்துத் திறந்ததும் குமிழ்களை எண்ணுங்கள், வேகம் நன்றாகக் குறைந்திருக்கும்.