8 ஜிகா லிங்க்கில் ஐஎஸ்ஐ: முதலில் ஒற்றைப் பல்ஸைப் பாருங்கள்

பிசிஐ எக்ஸ்பிரஸ் (கணினிக்குள் சிப்புகளையும் கார்டுகளையும் இணைக்கும் அதிவேகத் தொடர்பு) லிங்க் 5 ஜிகாவில், அதாவது வினாடிக்கு 500 கோடி பிட்டில், ஒழுங்காக ஓடுகிறது, 8 ஜிகாவுக்கு ஏற்றினால் மட்டும் பிழைகள் குவிந்து வேகம் தானாகவே இறங்கிவிடுகிறது என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் காரணம் இன்டர்சிம்பல் இன்டர்ஃபியரன்ஸ், சுருக்கமாக ஐஎஸ்ஐ. ஒரு பிட் தனக்குக் கொடுத்த நேரத்துக்குள் அடங்காமல் பக்கத்துப் பிட்டுகளின் நேரத்துக்குள்ளும் வழிவதுதான் அது. 8 ஜிகாவில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 125 பிகோசெகண்ட்தான். அதற்குள் எஃப்ஆர்-4 (வழக்கமான கண்ணாடியிழைப் பொருள்) போர்டில் சிக்னல் 2 செ.மீ.கூடப் போகாது. 25 செ.மீ. ட்ரேஸ் (போர்டில் ஓடும் செம்புத் தடம்) என்றால் ஒரே சமயத்தில் 13 பிட்டுகள் அதில் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

வழிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது இழப்பு. 1010 என்று மாறி மாறி வரும் பிட்டுகளின் அடிப்படை அதிர்வெண் 4 ஜிகாஹெர்ட்ஸ். அங்கே மின்னோட்டம் செம்பின் மேல்பரப்பில் சுமார் 1 மைக்ரான் ஆழத்துக்குள் ஒதுங்கி, இழப்பு கூடிவிடும். போதாததற்கு, லாஸ் டேன்ஜென்ட் (பொருள் சிக்னலை எவ்வளவு விழுங்கும் என்பதன் அளவு) 0.02 உள்ள சாதாரண எஃப்ஆர்-4 அங்குலத்துக்கு 0.37 டெசிபெல் அளவுக்குத் தானும் விழுங்கும். 10 அங்குலத்துக்கு இதுவே 3.7 டெசிபெல், செம்பின் இழப்பு தனி. ஆனால் தொடர்ந்து 00000 என்று வரும்போது அதிர்வெண் குறைவு, இழப்பும் குறைவு. அதனால் லைன் நன்றாகக் கீழே இறங்கி உட்கார்ந்துவிடுகிறது, அப்புறம் வரும் ஒற்றை 1 நடுக்கோட்டைத் தாண்ட முடியாமல் திணறுகிறது. இரண்டாவது காரணம் எதிரொளிப்பு: வயா (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை), கனெக்டர், கப்பாசிட்டர் பேட் (பாகத்தைப் பற்றவைக்கும் செம்புத் திட்டு) என்று இம்பீடன்ஸ் (சிக்னலுக்குத் தடம் காட்டும் எதிர்ப்பு) மாறும் இடங்களில் சிக்னலின் ஒரு பகுதி திரும்பி, இன்னோர் இடத்தில் மோதி, தாமதமாக ரிசீவருக்கு வந்து சேர்கிறது.

இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரிக்காமல் ஈக்வலைசர் (சேனலின் இழப்பை ஈடுகட்டும் சுற்று) செட்டிங்கை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் நேரத்தைத் தொலைப்பவர்கள் பலர், நானும் தொலைத்திருக்கிறேன். ஐ டயகிராம் (பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் படம்; நடுவில் திறந்திருக்கும் இடம்தான் ‘கண்’) கண் மூடியிருப்பதைக் காட்டும், எதனால் மூடியது என்று சொல்லாது. அதனால் முதல் வேலையாக ஒற்றைப் பல்ஸைப் பாருங்கள். சேனலின், அதாவது அனுப்பும் சிப்பிலிருந்து ரிசீவர் வரையுள்ள பாதையின், எஸ்-பாராமீட்டரை (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்ற அளவுகளை) அளந்தோ லேஅவுட்டிலிருந்து எடுத்தோ சிமுலேட்டரில் போட்டு, சுற்றிலும் 0, நடுவில் ஒரே ஒரு 1 அனுப்பி, ரிசீவரில் என்ன வருகிறது என்று 125 பிகோசெகண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, உச்சி 400 மில்லிவோல்ட், அதற்கு முந்தைய புள்ளி 30, பிந்தையவை 140, 70, 40 என்று வைத்துக்கொள்வோம். உச்சியைத் தவிர மற்றவற்றை, மைனஸ் இருந்தாலும் பிளஸாகவே எடுத்து, கூட்டுங்கள்: 280. 400-இல் கழித்தால் 120 மில்லிவோல்ட். மிக மோசமான பிட் வரிசை வரும்போது கண் திறந்திருக்கும் உயரம் அவ்வளவுதான், நாய்ஸும் ஜிட்டரும் (நேரத் தடுமாற்றமும்) அதிலிருந்துதான் இன்னும் தின்னும். ரிசீவரில் ஒரே ஒரு டிஎஃப்இ டேப் (ஏற்கெனவே படித்த பிட்டின் வழிவைக் கழிக்கும் சுற்றில் ஒரு படி) போட்டு அந்த 140-ஐ அழித்தால் கண் 260-க்கு விரிகிறது. எந்தப் புள்ளியில் கை வைத்தால் எவ்வளவு லாபம் என்று ஒரு தாளிலேயே தெரிந்துவிடுகிறது, எனக்கு இந்தக் கணக்கு பிடித்ததற்கு அதுதான் காரணம்.

இனி வடிவத்தைக் கவனியுங்கள். உச்சிக்குப் பின் வரும் வால் வழுவழுப்பாகச் சரிந்தால் அது இழப்பு, ஈக்வலைசர் நன்றாகவே சமாளிக்கும். அனுப்பும் பக்கம் டீ-எம்ஃபசிஸ் (மாறாமல் தொடரும் பிட்டுகளின் வீச்சைக் குறைப்பது), வாங்கும் பக்கம் சிடிஎல்இ (உயர் அதிர்வெண்களைத் தூக்கும் சுற்று), அதற்குப் பின் டிஎஃப்இ. பிசிஐ எக்ஸ்பிரஸ் 8 ஜிகாவில் அனுப்பும் பக்கத்துக்கு பி0 முதல் பி10 வரை 11 ப்ரீசெட் (முன்கூட்டியே வகுத்த செட்டிங்) உண்டு; நீண்ட சேனலென்றால் டீ-எம்ஃபசிஸ் 6 டெசிபெல்லும் ப்ரீஷூட் (மாற்றத்துக்குச் சற்று முந்தைய பிட்டைத் தூக்குவது) 3.5 டெசிபெல்லும் உள்ள பி7-இல் தொடங்கலாம். குறைந்த நீளமுள்ள சேனலுக்கு அதையே போடாதீர்கள், ஈக்வலைசேஷன் மிஞ்சினால் அதுவே புது ஐஎஸ்ஐ ஆகிவிடும். அப்படியும் போதவில்லை என்றால் ட்ரேஸைக் குறுக்குங்கள், அல்லது மெக்ட்ரான் 6 போன்ற இழப்பு குறைந்த பொருளுக்கு மாறுங்கள், விலை கூடும்.

வாலில் தனியாக ஒரு மேடு தெரிந்தால் அது எதிரொளிப்பு. எட்டுப் பிட் தள்ளி வருவதை அழிக்கும் அளவுக்கு டேப்புகள் பல ரிசீவர்களில் இருக்காது, ஆகவே மூல இடத்தையே தேட வேண்டும். மேடு உச்சிக்கு 1 நானோசெகண்ட் பின்னால் வருகிறது என்றால், அந்தப் பகுதி இரண்டு குறைகளுக்கு இடையே ஒருமுறை போய்த் திரும்பியிருக்கிறது என்று பொருள். ஒரு வழிக்கு அரை நானோசெகண்ட், எஃப்ஆர்-4-இல் சுமார் 7.5 செ.மீ. லேஅவுட்டில் 7.5 செ.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருள்களைத் தேடுங்கள். என் போர்டில் அது கனெக்டரும் ஏசி கப்ளிங் கப்பாசிட்டரும் (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுவது). 0603 அளவுக் கப்பாசிட்டரின் அகலமான பேட் கீழே உள்ள கிரவுண்ட் பிளேனோடு சேர்ந்து இம்பீடன்ஸை இறக்கியிருந்தது. அதைவிடச் சிறிய 0402-க்கு மாற்றி, பேடுக்கு நேர் கீழே பிளேனை வெட்டியதும் மேடு அடங்கியது.

வயா ஸ்டப்பையும், அதாவது சிக்னல் பயன்படுத்தாமல் வயாவில் நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தையும், விடாதீர்கள். ஸ்டப்பின் நீளம் கால் அலைநீளமாகும் அதிர்வெண்ணில் சிக்னலில் பெரிய பள்ளம் விழும்: 5 மி.மீ. ஸ்டப்புக்கு ஏறக்குறைய 7.5 ஜிகாஹெர்ட்ஸ், 2 மி.மீ. என்றால் 18 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல். தடித்த பேக்பிளேனில் (பல கார்டுகளை இணைக்கும் பெரிய போர்டில்) பேக்டிரில் (ஸ்டப்பைத் துளையிட்டு நீக்குவது) செய்தே ஆக வேண்டும், 1.6 மி.மீ. போர்டில் 8 ஜிகாவுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

சரி, திருத்தியதைச் சோதிக்கும்போது 1010 போன்ற எளிய பேட்டர்னை நம்ப வேண்டாம். பிஆர்பிஎஸ் என்பது தற்செயல் போலத் தோன்றும் சோதனைப் பிட் வரிசை; பிஆர்பிஎஸ்7-இல் ஒரே பிட் தொடர்ந்து வருவது அதிகபட்சம் 7 முறைதான், பிஆர்பிஎஸ்31-இல் 31 வரை போகும், நீண்ட வால் அதில்தான் பிடிபடும். ஸ்கோப்பில் ரிசீவர் பின்னில் கண் மூடியே தெரிந்தாலும் பதற வேண்டாம், சிப்புக்குள் ஈக்வலைசரைத் தாண்டிய பிறகு வரும் கண்தான் கணக்கு. பல சிப்புகளில் அதை உள்ளிருந்தே அளக்கும் வசதி இருக்கிறது, ரெஜிஸ்டர் மேனுவலில் தேடிப் பாருங்கள்.