தைராய்டு கட்டியில் எந்த ஜீன் எங்கே வேலை செய்கிறது: வரைபடம் எடுக்கும் முறை

குன்னூரில் இருந்துகொண்டு இதைச் செய்வதென்றால் உறைய வைத்த திசுவை மறந்துவிடுங்கள். உலர் பனிக்கட்டிக்கே மலை இறங்க வேண்டும். ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த திசு பிளாக் போதும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியை மட்டும் முன்பே வாங்கிவிடுங்கள்.

முக்கால்வாசி வேலை பிளாக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. விசியம் என்பது திசுவில் எந்த ஜீன் எங்கே வேலை செய்கிறது என்று பதிவு செய்யும் புள்ளிகள் நிறைந்த ஸ்லைடு. அதில் சிறிய சதுரம் பக்கத்துக்கு 6.5 மில்லிமீட்டர். அதற்குள் பாப்பிலரி புற்றுநோய் (தைராய்டில் அதிகம் வரும் வகை), அது ஊடுருவும் விளிம்பு, பக்கத்து நல்ல ஃபாலிக்கிள்கள் (தைராய்டு செல்கள் சூழ்ந்த நுண்ணிய பைகள்) மூன்றும் விழ வேண்டும். எச் அண்ட் இ சாயம் போட்ட ஸ்லைடில் மார்க்கரால் கட்டம் போட்டுப் பாருங்கள். கட்டியின் நடுவை மட்டும் வெட்டினால் ஒப்பிட ஒன்றுமிருக்காது. பாப்பிலரி கட்டிகளில் சுண்ணாம்பு படிவது சகஜம். அதை அமிலத்தில் இளக்கிய பிளாக்கைத் தொடாதீர்கள், ஆர்என்ஏ சிதைந்திருக்கும். சந்தேகமிருந்தால் பிளாக்கிலிருந்து சீவிய ஒரு சுருளின் ஆர்என்ஏவைச் சோதியுங்கள்: 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டும்.

5 மைக்ரானில் வெட்டுங்கள். ஐப்பசி மழையில் எங்கள் லேபுக்குள்ளேயே மூடுபனி வந்துவிடும். ஈரம் போகாத செக்‌ஷன் சாயம் போடும்போதே கழன்று மிதக்கும். 42 டிகிரியில் 3 மணி நேரம், அப்புறம் இரவு முழுக்க சிலிக்கா ஜெல் டெசிகேட்டர். ஜெல் நிறம் மாறியிருந்தால் புதிதாகப் போடுங்கள்.

சாயம், படம், ப்ரோப் (அந்தந்த ஜீனின் ஆர்என்ஏவில் ஒட்டும் துண்டு), சீக்வென்சிங் எல்லாம் கிட்டில் எழுதியபடி போகும். சீக்வென்சிங்கை வெளியே கொடுத்துவிடலாம்.

டேட்டா வந்ததும்தான் தைராய்டு தன் குணத்தைக் காட்டும். மைட்டோகாண்ட்ரியா ஜீன்கள் அதிகமுள்ள புள்ளிகளைச் செத்த செல்கள் என்று கழிப்பது பொது வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் ஆன்கோசைட்டிக் செல்கள் மொத்தமும் போய்விடும். அவற்றில் இயல்பாகவே மைட்டோகாண்ட்ரியா நெரிசல். அதேபோல தைராய்டு செல்களின் முக்கியப் புரதமான தைரோகுளோபுலினின் ஜீன் அளவுக்கு மீறி வெளிப்படுவதால் பக்கத்துப் புள்ளிகளுக்கும் கசியும். அதை மட்டும் வைத்துக் கட்டியின் எல்லை போடாதீர்கள். நல்ல தைராய்டின் ஜீனான டிபிஓ குறைந்து, பாப்பிலரி கட்டியில் கூடும் ஜீன்களான கேஆர்டி19, எஃப்என்1 ஏறுகிற இடத்தைச் சேர்த்துப் பாருங்கள். பாப்பிலரி கட்டிகளில் சகஜமான பிராஃப் ஜீனின் வி600இ பிறழ்வு இந்த வரைபடத்தில் தெரியாது, அதற்குத் தனி டெஸ்ட்.

ஒரு புள்ளி 55 மைக்ரான், அதில் பல செல்கள் இருக்கும். நோய் எதிர்ப்புச் செல்களான பி-செல்களின் ஜீன்கள் திட்டாகத் தெரிந்தால் உடல் கட்டியை எதிர்க்கிறது என்று உடனே எழுதிவிடாதீர்கள். நோயாளிக்கு ஹாஷிமோட்டோ (எதிர்ப்புச் செல்களே தைராய்டைத் தாக்கும் நோய்) இருக்கிறதா என்று பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு எழுதுங்கள்.