பழைய செங்கல் சுவரில் காரை உதிர்ந்தால் சரிசெய்வது எப்படி?

செங்கோட்டையில் எங்கள் தாத்தா வீட்டுப் பின்சுவர் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் முதலில் அதன் மேல்தான் அடிக்கும். செங்கல் சந்துகளில் விரல் நுழையும் அளவுக்குக் காரை உதிர்ந்துவிட்டது.

முதலில் சிமெண்ட் கலவையால்தான் அடைத்தேன். இரண்டு சாரல் கழிந்தபோது சிமெண்ட் அப்படியே நின்றது, செங்கல் பொரிந்து கொட்டியது. சுவர் குடித்த ஈரம் அதுவரை காரை வழியாக வெளியேறி வந்திருக்கிறது. அந்த வழி அடைபட்டதும் ஈரம் செங்கல் வழியாக வந்தது. ஈரம் காயக் காய, அதில் கரைந்திருந்த உப்பு செங்கல்லின் துளைகளுக்குள் உறைந்து அதை உடைத்தது. ஆகவே கலவை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். உதிர்வது கலவையாக இருந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்குத் தை, மாசி நல்லது. வெளுப்பாகப் பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கழுவினால் சுவருக்குள்ளேயே திரும்பிப் போகும். பிறகு சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குப் பழைய காரையைச் சுரண்டுங்கள். சின்ன உளியும் சுத்தியலும் போதும். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், செங்கல் ஓரத்தைத் தின்றுவிடும்.

முந்தின நாள் மாலையும் அன்று காலையும் சுவரை நனையுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், வைத்ததெல்லாம் பொடியாகும். அதற்காகத் தண்ணீர் வழியவும் கூடாது.

நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. சாரல் படும் சுவர் என்பதால் நான் மணலில் ஒரு பங்கைக் குறைத்து, சலித்த செங்கல் பொடி சேர்த்தேன். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சந்தைவிடக் குறுகலான கரண்டியால் உள்ளே அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். செங்கல் முகத்தில் பூசாதீர்கள். அப்புறம் ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்.

பின்சேர்க்கை: புளியரையிலிருந்து ஓர் அக்கா, "எங்கள் வீடு சிமெண்ட் வைத்துக் கட்டியது, அதற்கும் சுண்ணாம்பா?" என்று கேட்டார். இல்லை அக்கா, அதற்குச் சிமெண்ட் கலவையே சரி. ஆனால் நீங்கள் சொன்ன விரிசல் செங்கல்லையே பிளந்து, படிக்கட்டு போல ஏறி, நாளுக்கு நாள் அகலமாகிறதென்றால் பூசி மறைக்காதீர்கள். அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். முதலில் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.