அரூப ஓவியம்: பிள்ளைகளுக்குக் கற்பிக்கையில் நேரும் தவறுகள்

"இன்றைக்கு மனம்போனபடி வரையுங்கள்." இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாங்கள் நடத்தும் சித்திரக் கழகத்தில், அரூப ஓவியத்தின் (பொருளை அப்படியே காட்டாமல் கோடு, நிறம், வடிவத்தாலேயே அமையும் ஓவியம்) முதல் வகுப்பை இப்படித்தான் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் பெரும்பாலான தாள்கள் சேற்று நிறமாகிவிட்டன. இரண்டு பிள்ளைகள் தூரிகையைத் தொடவே இல்லை.

கட்டுப்பாட்டை நீக்கினால் அரூபம் தானாக வரும் என்று நம்புவதே முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. அரூபத்துக்கும் உற்றுப் பார்த்தல் வேண்டும். டச்சு ஓவியர் மொண்ட்ரியான் நேர்கோடுகளுக்கும் கட்டங்களுக்கும் வந்து சேருமுன் மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1908இல் தொடங்கிய ‘சிவப்பு மரம்’ ஓவியத்தில் கிளைகள் கிளைகளாகவே தெரிகின்றன. 1911இல் வரைந்த ‘சாம்பல் மரம்’ ஓவியத்தில் அவை வளைகோடுகளாகிவிட்டன.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் வாசலிலேயே இருக்கிறது. எதிர்மலையில் தேயிலை நிரைகள் கோடுகளாக ஓடுகின்றன. கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் கழித்துவிட்ட) மலை பழுப்பு, கொழுந்து துளிர்த்த மலை இளம்பச்சை. பனிமூட்டம் ஏறினால் கோவிலும் கொழுந்து நிறுக்கும் மடுவமும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையும் ஒரே சாம்பல் பரப்பில் கரைகின்றன. இப்போது வகுப்பின் முதல் பத்து நிமிடமும் வெளியில்தான் நிற்கிறோம். "பனி முதலில் எதை மறைத்தது? கடைசிவரை எது தெரிந்தது?" என்று கேட்பேன். கடைசிவரை தெரிந்ததை மட்டும் உள்ளே வந்து வரைய வேண்டும். அன்றிலிருந்து வெறுந்தாளோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இல்லை.

எல்லா வர்ணப் போத்தல்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கலந்தால் ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு பங்கை உறிஞ்சிவிட, மிஞ்சுவது பழுப்புதான். இரண்டு நிறமும் வெள்ளையும் போதும். ஜூன், ஜூலை மழையில் போஸ்டர் வர்ணம் காய்வதற்கு நேரமெடுக்கும். ஈரத்தின் மேல் பூசினால் எல்லாம் குழம்பும். அதனால் ஆளுக்கு இரண்டு தாள் கொடுங்கள். ஒன்று காயும்வரை மற்றதில் வரையட்டும்.

நான் மிகவும் வருந்தும் தவறு ஒரு கேள்வி. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தாளின் குறுக்கே கனமான கறுப்புப் பட்டை ஒன்றை இழுத்திருந்தாள்; அதன் ஓரத்தில் மெல்லிய மஞ்சள். மிக நன்றாக இருந்தது. "இது என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன். சற்று யோசித்து, "யானை டீச்சர்" என்றவள், தும்பிக்கையும் கண்ணும் வரைந்து சேர்த்துவிட்டாள். பெயர் கேட்டால் பிள்ளை பெயர் தந்துவிடும், பிறகு அந்தப் பெயருக்கேற்பப் படத்தைத் திருத்தும். "முதலில் எந்த இடத்தில் தூரிகையை வைத்தாய்? இந்த மஞ்சள் ஏன் இவ்வளவு மெல்லியது?" என்று கேட்டிருக்க வேண்டும்.

நீலம் சோகம், சிவப்பு கோபம் என்று பட்டியல் கொடுப்பதும் வேண்டாம். மரண வீட்டுப் பாதையில் வெள்ளைக் கொடி கட்டும் நாடு இது. அதே வெள்ளையைத்தான் பிள்ளைகள் தினமும் சீருடையாக அணிந்து பாடசாலைக்குப் போகிறார்கள்.

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் சதுரங்களுக்குள் அடங்கிய வட்டங்களைப் பார்த்து வரையச் சொல்வது பல வகுப்புகளில் வழக்கம். 1913இல் அவர் அதை, நிறங்கள் அருகருகே எப்படி நடந்துகொள்கின்றன என்று அறியும் பயிற்சியாகவே செய்தார். பிள்ளைகளும் அந்தச் சோதனையைச் செய்யட்டும். வட்டத்தைப் பிரதி எடுப்பதில் பயனில்லை.

பிள்ளையின் தாளில் ஆசிரியரின் தூரிகை படவே கூடாது. எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் தடுமாறினால், தாளைச் சுவரில் குத்திவிட்டு ஐந்தடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். "போதும் டீச்சர்" என்று பிள்ளை சொன்னால், பாதித் தாள் வெறுமையாக இருந்தாலும் அடுத்த தாளைக் கொடுங்கள்.