பழைய ஒற்றையாள் கெனூ: திருத்தப் போய்க் கெடுக்கும் தவறுகள்

1975ல் இலங்கையில் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவைக் காலி செய்துவிட்டு ஊருக்குக் கப்பலேறினார். கொட்டிலில் கிடந்த ஒற்றையாள் கெனூவை, அதாவது ஒருவர் துடுப்புப் போட்டுப் போகும் ஒடுங்கிய சிறு படகை, தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த என் தாத்தாவிடம் விட்டுப் போனார். பன்னிரண்டு அடி நீளம், இரண்டேகால் அடி அகலம். மெல்லிய சிடார் பலகைகளைக் கூரைத் தகரம் அடுக்குவது போல ஒன்றின் ஓரத்தில் ஒன்றை ஏற்றி, செம்பு ஆணி அடித்துக் கட்டியது. இன்றும் நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் அதில்தான் போகிறேன்.

இடைப்பட்ட காலத்தில் எங்கள் குடும்பம் அந்தப் படகுக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. எல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்தவை. ஆடுகிறதே என்று ஒன்றைச் செய்தோம், அடி வளைந்திருக்கிறதே என்று இன்னொன்றைச் செய்தோம், பலகை மெல்லிசாக இருக்கிறதே என்று மூன்றாவதைச் செய்தோம். நாங்கள் குறை என்று பார்த்ததெல்லாம் கட்டியவர் யோசித்து வைத்தது என்பது பிறகுதான் புரிந்தது. பழைய கெனூ ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அல்லது பழைய வடிவத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்று கட்ட நினைத்தால், இந்தத் தவறுகளாவது உங்களுக்கு வேண்டாம்.

ஆட்டம் என்ற பயம்

முதல் தடவை ஏறி உட்கார்ந்ததும் படகு இடுப்புக்குக் கீழே நெளியும். உடனே மனம் சொல்லும், இது கவிழப் போகிறது என்று. பெரும்பாலானவர்கள் இந்த நிமிடத்தில்தான் பழைய கெனூவைக் கைவிடுகிறார்கள்.

அடிப்பாகத்தைக் கவனியுங்கள். தட்டையாக இல்லாமல் மெலிதாக உருண்டிருக்கும். உருண்ட அடி நிமிர்ந்து நிற்கும்போது இளகித்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்கம் சாயச் சாய, மேல்நோக்கி விரிந்த பக்கப் பலகை தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பக்கத்தைத் தாங்க ஆரம்பிக்கும். ஓர் அளவுக்கு மேல் சாய்க்கப் பார்த்தால் படகே எதிர்த்துத் தள்ளுவது போலிருக்கும். தட்டை அடிப் படகு இதற்கு நேர்மாறு. அமைதியான தண்ணீரில் பலகைக் கட்டில் மாதிரி நிற்கும். பக்கவாட்டில் அலை வந்தால் அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சரியும், எல்லை தாண்டினால் சொல்லாமல் கொள்ளாமல் கவிழும். உருண்ட அடியோ அலை அடியில் புகுந்து போனாலும் உங்களை நிமிர்த்தியே வைத்திருக்கும்.

சில கெனூக்களில் பக்கம் மேலே போகப் போக மறுபடி உள்ளே வாங்கியிருக்கும். தாச்சிக்கும் பானைக்கும் உள்ள வித்தியாசம்தான். தாச்சி வாயை நோக்கி விரியும். பானை வயிறு அகன்று வாய் ஒடுங்கும். பானை வடிவப் படகில் விளிம்பு உடம்புக்குக் கிட்ட இருப்பதால், துடுப்பை நட்டமாக, கையை அகட்டாமல் போடலாம். தனியாளுக்கு இது பெரிய வரம். தாச்சி வடிவமோ சாயும்போது கூடுதலாகத் தாங்கும், அலைத் தண்ணீரையும் வெளியே தள்ளும். எது வேண்டும் என்பதைக் கட்டுகிறவர் தீர்மானித்திருப்பார். வாய் ஒடுங்கியிருக்கிறதே என்று நடுக் குறுக்குக் கட்டையைக் கழற்றி, நீளமானதை வைத்து விரிக்கப் போகாதீர்கள். விலாக் கட்டைகள் உடையும்.

எங்கள் மாமா ஒருவர் ஆட்டத்துக்கு வேறு வைத்தியம் பார்த்தார். நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்பவர்கள் ஓட்டுகிற ஃபைபர் ஓருவில் பக்கத்தில் ஒரு மிதவை இருக்குமல்லவா, அதே மாதிரி இரண்டு மூங்கிலை விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கி, நுனியில் பிவிசி குழாய் கட்டினார். "இனிமே ஆடாது பாரு தம்பி" என்றார். ஆடத்தான் இல்லை. ஆனால் முதல் காற்று நாளிலேயே மிதவை ஒரு பக்கமும் படகு ஒரு பக்கமும் முறுக்கி, விளிம்புச் சட்டம் போல்ட் துளையிலிருந்து ஒரு முழம் கிழிந்துவிட்டது. ஓருவின் உடல் ஒடுக்கமானது, மிதவை இல்லாமல் நிற்க முடியாதது. அந்த முறுக்கலைத் தாங்கத்தான் அதன் உடலே அமைந்திருக்கிறது. கெனூவின் விரல் தடிப்பு விளிம்பிடம் அந்த வேலையைக் கேட்கக் கூடாது.

ஆட்டத்துக்கு உண்மையான மருந்து, இறங்கி உட்காருவது. இந்த வகைப் பழைய கெனூக்களில் ஆள் தரையோடு உட்கார்ந்து இரட்டைத் துடுப்பு (ஒரே தண்டின் இரு முனையிலும் தட்டு உள்ளது) போடுவதுதான் முறை. முதுகு வலிக்கிறது என்று பிளாஸ்டிக் கதிரையின் காலை அறுத்துப் போட்டால் உடம்பின் பாரம் ஒரு சாண் உயரும், படகு வேறு படகாகிவிடும். சாக்கை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள், போதும். ஒற்றைத் துடுப்புப் போடுகிறவர்கள் மண்டியிடலாம். முழங்கால் இரண்டும் பக்கத்தோடு அண்டியிருந்தால் படகு உங்கள் இடுப்பு சொல்வதைக் கேட்கும்.

உட்காரும் இடம்

எங்கள் கெனூ 18 கிலோ. பல தோட்டங்களில் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ எடுக்க வேண்டிய கொழுந்து ஏறக்குறைய அவ்வளவுதான். நான் 65 கிலோ. இரண்டையும் கூட்டினால் தண்ணீரில் இருக்கும் பாரத்தில் முக்கால்வாசிக்கு மேல் நான்தான். அப்படியென்றால் நான் நாலு விரற்கடை முன்னே பின்னே நகர்ந்தாலும் படகின் நடத்தை மாறும். இருவர் படகில் தனியாகப் போகிறவர்கள் பின் பலகையில் போய் உட்கார்ந்து, முன்முனை வானத்தைப் பார்க்கத் துடுப்புப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று அந்தத் தூக்கிய முனையைப் பிடித்துத் தன் போக்கில் திருப்பும், பாவம் அவர் பாதி பலத்தை நேராக்குவதிலேயே செலவழிப்பார். அதே பழக்கத்தோடு ஒற்றையாள் கெனூவிலும் பின்னுக்குத் தள்ளி உட்காருவது தவறு. நடுவிலிருந்து சற்றே பின்னால், அவ்வளவுதான்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கரையோரம் அலையில்லாத தண்ணீரில் ஏறி உட்கார்ந்து, சிரட்டையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு படகுக்குள் ஊற்றுங்கள். அது எங்கே போய்த் தேங்குகிறது என்று பாருங்கள். உங்களுக்குக் கீழே தேங்கி நின்றால் சரி. பின்முனைக்கு ஓடினால் பையை முன்னால் தள்ளுங்கள். எதிர்க்காற்றில் முன்பக்கம் ஒரு பொடிப் பாரம் கூடுதலாக இருப்பது நல்லது. காற்று முதுகில் அடிக்கும்போது அதைப் பின்னுக்கு எடுத்துவிட வேண்டும்.

சின்னது எல்லாம் சுலபம் இல்லை

புதிதாகக் கட்ட நினைப்பவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே படகில் போய் மயங்குகிறார்கள். நெஸ்மக் என்ற பெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸுக்காக, அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்துக் கான்டன் ஊரில் ஜே. ஹென்றி ரஷ்டன் கட்டிக் கொடுத்த கெனூ அது. நீளம் 9 அடி, எடை வெறும் 10½ இறாத்தல், அதாவது ஐந்து கிலோவுக்கும் சற்றுக் குறைவு. 1883ல் அதில் அவர் அடிரொண்டாக் மலைப் பகுதியில் 266 மைல் சுற்றி வந்தார். மயங்காமல் எப்படி இருக்க முடியும்?

ஆனால் அந்த மனிதரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது அவருக்கு 61 வயது, நெஞ்சு நோய்க்காரர், உடம்பு ஐம்பது கிலோ அளவுதான். ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் படகைத் தானே தோளில் சுமந்து நடக்க வேண்டியிருந்தது. ரஷ்டன் அவருக்கு ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து கெனூ கட்டினார். அவரவர் உடம்புக்கும் வேலைக்கும் அளவெடுத்துச் சட்டை தைப்பது போன்ற காரியம் அது. எண்பது கிலோ ஆள் அந்த ஒன்பது அடியில் உட்கார்ந்தால் விளிம்பு தண்ணீரை முத்தமிடும்.

வேகக் கணக்கும் உண்டு. படகு தான் எழுப்பும் அலைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும் வேகம் நீளத்தைப் பொறுத்தது: தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கடல் மைல் கணக்கில் அந்த வேகம் வரும். 9 அடிக்கு மணிக்கு 7½ கிலோமீற்றர் அளவு, 15 அடிக்கு ஒன்பதரை. அந்த வேகத்தைப் படகுக்கு முன்னால் நிற்கும் ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் தூரத்தில் இருக்கும் படகில் ஐந்தரை கிலோமீற்றர் வேகம் கதை பேசிக்கொண்டு போகிற வேகம். சுவர் கிட்ட இருக்கும் படகில் அதே வேகத்துக்கு மூச்சு வாங்கும். நீளம் கூடக் கூட உரசலும் எடையும் கூடும் என்பதால் அதற்கும் எல்லை உண்டு. ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் மக்ரேகர் 1865ல் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றிய ரொப் ரோய் என்ற கெனூ 15 அடி நீளம், 28 அங்குல அகலம், ஓக் மரத்தால் கட்டியது. எடை 80 இறாத்தல். ஓடிற்று, ஆனால் தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நம்மூர்க்காரர் ஒருவருக்கு, தேயிலைச் சரிவில் குறுக்குப் பாதையில் தூக்கி இறங்க வேண்டும் என்றால், 12 முதல் 14 அடி என்பது என் முடிவு.

மட்டக்கம்பு வைத்துப் பாருங்கள்

கெனூவைக் கவிழ்த்து வைத்து அடியைப் பார்த்தால் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் மெல்ல வளைந்து போவது தெரியும். வெயிலில் வளைந்துவிட்டது என்று நினைத்து எங்கள் வீட்டில் ஒரு நேர்க் கட்டையை அடியில் வைத்துத் திருகாணி இறுக்கினார்கள். அதற்குப் பிறகு படகு ரயில் தண்டவாளத்தில் போவது போல நேராகப் போயிற்று, திருப்பத்தான் முடியவில்லை. நீர்த்தேக்கத்தின் ஒடுங்கிய கைகளுக்குள் நுழைந்தால் பின்னோக்கித்தான் வெளியே வரவேண்டியிருந்தது. தனியாளிடம் திருப்ப இன்னொரு துடுப்பு இல்லை, அதனால்தான் அந்த வளைவு.

உண்மையாகவே வளைந்து கெட்டுப்போன படகும் இருக்கிறது. கண்டுபிடிக்க, தேயிலைச் செடிமேல் வைத்துக் கொழுந்து மட்டம் பார்க்கும் நேரான கம்பு ஒன்று போதும். கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தின் மேல், நீளவாக்கில், நடுக்கோட்டில் அதை வையுங்கள். கம்பு நடுவில் தொட்டு இரு நுனியிலும் இடைவெளி இருந்தால் அது கட்டியவர் வைத்த வளைவு. ஒரு விரல் முதல் இரண்டு விரல் வரை இடைவெளி இருப்பது சாதாரணம். நுனிகளில் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால், அடி உள்ளே போயிருக்கிறது. வருடக்கணக்காகத் தவறாகக் கிடத்தியதால் வந்த ஊனம் அது. திருத்த வேண்டியது அதைத்தான்.

ரெசின் பூசுவது

இது எங்களுடைய மிகப் பெரிய தவறு. பலகை மெல்லிசு, வெடிப்பும் இருக்கிறது, ஃபைபர் துணி போட்டு ரெசின் பூசிவிடலாம் என்றார்கள். பூசினோம். பளபளவென்று இருந்தது. எடை முப்பது கிலோவுக்குக் கிட்ட ஏறியது. அடுக்குப் பலகைகள் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். மேலே ஒட்டிய ரெசின் அதோடு சேர்ந்து அசையாது. ஓரங்களில் மயிர்க்கோடு போல விரிசல் விழுந்து, தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் தங்கியது. இரண்டு மழைக்காலத்தில் உளி நுனியால் குத்தினால் பலகை ஈரக் கேக் மாதிரி உள்ளே போயிற்று. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சுரண்டும்போது தாத்தா போட்ட ஒட்டு ஒன்று கிடைத்தது: தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டு, சுற்றிவர நெருக்கமாகச் செம்பு ஆணி. பெட்டிப் பலகை ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது, ஆணிகள் மட்டும் அப்படியே இருந்தன.

இரும்பு ஆணி அடித்த இடங்களோ கறுத்து, துளை பெருத்து, ஆணி கையோடு வந்தது. ஹாட்வெயார் கடையில் செம்பு ஆணி இல்லையென்றால் காத்திருங்கள். விளிம்புச் சட்டம் மாற்றும்போது பலா பலமானது என்று அதைப் போடுவார்கள். பலா நல்ல மரம்தான், ஆனால் கனம், அதுவும் படகின் உச்சியில் போய் உட்காரும் கனம்.

இன்னொன்று: மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த பலகைப் படகைத் தண்ணீரில் விட்டால் முதல் நாள் ஒழுகத்தான் செய்யும். உடனே தார் காய்ச்சாதீர்கள். தார் இடைவெளியில் உறைந்துவிட்டால் பலகை ஊத இடமில்லாமல் ஆணியை இழுக்கும். உள்ளே ஈரச் சாக்குகளைப் பரப்பி, நனைத்துக்கொண்டே இரண்டு நாள் விடுங்கள். பலகைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் ஒழுகும் இடம்தான் உண்மையான ஓட்டை.

பழைய கெனூ எல்லாம் மரம்தான் என்றும் இல்லை. அமெரிக்காவில் பிளாஸ்டிக்கும் நுரையும் அடுக்கிய ரோயலெக்ஸ் என்ற தகட்டில் நல்ல ஒற்றையாள் வடிவங்கள் பல வந்தன. அந்தத் தகட்டின் உற்பத்தி 2014ல் நின்றுவிட்டது. அப்படி ஒன்று யாரிடமாவது இருந்தால் வெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

வைக்கும் இடமும் போகும் நேரமும்

மரக் கெனூவைக் கவிழ்த்து, விளிம்பு தாங்கும்படி, முனைகளிலிருந்து கால் பங்கு தள்ளி இரண்டு கட்டைகளில் வையுங்கள். மண்ணில் படக் கூடாது. லயத்துத் தகரக் கூரைக்கு அடியில் வைப்பவர்கள் ஆணித் துளை சொட்டும் இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் படகின் ஒரு விலா உளுத்தது, ஒரே ஒரு சொட்டு வருடம் முழுக்க ஒரே இடத்தில் விழுந்ததால்தான்.

1965ல் அணை கட்டி முடித்த காசல்ரீயும், மஸ்கெலியாப் பக்கத்து மவுசாகலையும் பார்க்கக் குளம் போல இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மலை இடுக்கில் புகுந்து வரும்போது அவற்றின் முகமே வேறு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, விடிந்து பத்து மணிக்குள், பனி மூட்டம் விலகி எதிர்க்கரை தெரிந்த பிறகு போவதுதான் நல்லது. தண்ணீர் சில்லென்று இருக்கும், நீந்தத் தெரிந்தவருக்கும் கை கால் விறைக்கும். உயிர்காப்பு அங்கியைப் படகில் போட்டு வைக்காமல் உடம்பில் போடுங்கள். மட்டம் இறங்கிய காலத்தில் பழைய மரக் குற்றிகள் ஒரு சாண் ஆழத்தில் நிற்கும், சிடார் பலகைக்கு ஒரு குற்றி போதும். அணைப் பக்கமும், மின் நிலையத்துக்குத் தண்ணீர் இழுக்கும் வாய்ப் பக்கமும் போகவே வேண்டாம். கரையில் காவலர் இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுப் படகை இறக்குங்கள்.