ஓவர்கிளாக் செய்தபின் திரை வரவில்லையா?

புராசசர் வேகத்தைக் கூட்டி சேவ் செய்ததும் மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறதா? பதற வேண்டாம். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது, பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புகளை அழித்தால் போதும்.

முதலில் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளை உருவிவிடுங்கள். இதை மட்டும் தவறவிடவே கூடாது. பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். அப்புறம் மதர்போர்டில் அந்த அமைப்புகளை அழிப்பதற்கான 'கிளியர் சிமாஸ்' பின்கள் இரண்டைத் தேடுங்கள். கையேட்டில் படம் இருக்கும். பார்க்காமல் வேறு பின்னைத் தொட்டுவிடாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்து 10 விநாடி தொட வேண்டும். பின்கள் இல்லையென்றால் வட்டமான 3 வோல்ட் பேட்டரியைக் கழற்றி, 5 நிமிடம் கழித்து மாட்டுங்கள். சில போர்டுகளில் அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பல வருடப் பேட்டரி என்றால் புதிதே போடலாம். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 2032 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

அழித்தபின் ரேமின் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு), பூட் வரிசை (எந்த டிஸ்க்கிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்பது), தேதி எல்லாவற்றையும் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும். விண்டோஸ், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கேட்கலாம், அதை முன்பே எழுதி வையுங்கள். மறுபடி முயல்வதானால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். டிசம்பரில் நிலையாக ஓடிய வேகம்கூட, சென்னையின் மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் தாங்காமல் போகலாம்.