நெடுஞ்சாலைப் புகையில் பயணிப்பவர் நுரையீரலின் கையிருப்பைக் காத்துக்கொள்வது எப்படி?

தேசிய நெடுஞ்சாலை 44-இல் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நாள்தோறும் பைக்கில் சென்றுவருபவர், வீடு திரும்பியதும் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கின் உட்புறத்தைத் துடைத்துப் பார்க்கட்டும். துணியில் ஒட்டும் கருமை, மூக்கே தடுத்து நிறுத்திய பருமனான தூசி. கவலைப்பட வேண்டியது கைக்குட்டைக்கு வராத பங்கைப் பற்றித்தான். தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ உள்ள பிஎம் 2.5 துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடுகின்றன. இவற்றின் ஆண்டுச் சராசரிக்கு இந்தியத் தரநிலை கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இடம் தருகிறது. உலக சுகாதார நிறுவனமோ 2021-இல் அதை 5 என்று குறைத்துவிட்டது.

உள்ளே இறங்கும் புகையை முதலில் எதிர்கொள்வது, காற்றுக்குழாய்களின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய நீர்மப் படலம். வைட்டமின் சி, யூரிக் அமிலம், குளூட்டாதயோன் ஆகிய ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அதில் கரைந்திருக்கின்றன; இவைதாம் நுரையீரலின் கையிருப்பு. இரத்தத்தின் பிளாஸ்மாவில் உள்ளதைப் போல நூறு மடங்குக்கும் மேலான குளூட்டாதயோன் நுரையீரலின் ஆழத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் திசுவைத் தொடுவதற்கு முன் இவற்றோடு வினைபுரிந்து தீர்ந்துபோகின்றன; கையிருப்பும் அந்த அளவுக்குக் கரைகிறது. உலோகத் துகள்கள் இன்னும் மோசமானவை. தொப்பூர் கணவாயில் பிரேக் பிடித்தபடியே இறங்கும் லாரிகளின் பிரேக் தூசியில் இரும்பும் செம்பும் இருக்கும். அவை உடலிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடை, மிகக் கொடிய ஹைட்ராக்சில் தனி உறுப்பாக (ஃப்ரீ ராடிக்கல், அதாவது அருகிலுள்ள எதையும் உடனே தாக்கும் வேதித் துணுக்காக) மாற்றுகின்றன. மாற்றிய பிறகும் உலோகம் தீர்வதில்லை என்பதால், ஒரே துகள் மறுபடி மறுபடி அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

படலம் தளரும்போது செல்கள் தாமே விழித்துக்கொள்கின்றன. சாதாரண வேளையில் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை கீப்1 என்ற மற்றொரு புரதம் பிடித்து வைத்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆக்சிஜனேற்ற நெருக்கடியில் கீப்1-இன் கந்தக முனைகள் மாறி அந்தப் பிடி விடுபட, என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று, குளூட்டாதயோனை உருவாக்கும் நொதிகள் உள்ளிட்ட பல பாதுகாப்பு நொதிகளின் மரபணுக்களை இயக்கிவிடுகிறது. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அழற்சியும், மேலும் தாண்டினால் செல்லின் இறப்பும் தொடரும். ஆகவே முதலில் செலவைக் குறைக்க வேண்டும்; வரவைப் பற்றி அதன் பிறகுதான் பேச வேண்டும்.

செலவைக் குறைப்பதற்குக் கழுத்துத் துண்டோ கர்ச்சீப்போ உதவாது. என்95 முகக்கவசம் வேண்டும். அதன் மேற்புற உலோகப் பட்டையை மூக்கெலும்பில் அழுத்திப் பொருத்தி ஊதிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று விளிம்பு வழியாகப் போகிறது, கவசத்தால் பயனில்லை. வண்டிகளின் புகை சாலையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், நடைப்பயிற்சியைப் பைபாஸ் ஓரத்திலிருந்து உள் தெருவுக்கோ ஏரிக்கரைக்கோ மாற்றுவது நல்லது. மார்கழி விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையை மேலே எழவிடாது. வெயில் ஏறிய பின் நடங்கள். கோடையில் பிற்பகல் வெயிலில் ஓசோன் கூடும் என்பதால் அந்நேரத்தைத் தவிருங்கள்.

உணவைப் பொறுத்தவரை, மாம்பழ ஊர்க்காரர்களுக்கு இது சற்றே கசக்கலாம்: வைட்டமின் சி-க்குக் கொய்யாவே மேல். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். மாம்பழத்தில் இருப்பதைப் போல அது பல மடங்கு. குளூட்டாதயோனை உடலே தயாரிக்கிறது. அதற்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை. அவற்றில் ஒன்றான, பருப்பு வகைகளில் குறைவாக உள்ள மெத்தியோனின் கேழ்வரகில் நன்றாகவே இருப்பதால், களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றில் என்ஆர்எஃப்2-ஐ இயக்கத் தூண்டும் பொருள்களுக்கான மூலங்கள் உண்டு. நறுக்கும்போது வெளிப்படும் ஒரு நொதிதான் அவற்றை மாற்றுகிறது. வெப்பம் அந்த நொதியை அழித்துவிடும். ஆகவே கோஸைப் பொடியாக நறுக்கியதும் வாணலியில் போடாமல் அரைமணி நேரம் தட்டில் பரப்பி வையுங்கள். மறந்துவிட்டால், வெந்த பொரியலை இறக்கி ஆறவிட்டு, வறுக்காத கடுகுப் பொடியைச் சிட்டிகையளவு தூவிக் கிளறுங்கள். பச்சைக் கடுகிலும் அதே வகை நொதி இருக்கிறது. சீனாவின் சிடோங் பகுதியில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், கோஸ் இனத்தைச் சேர்ந்த புரோக்கோலியின் முளைச்சாறு அருந்தியவர்களின் சிறுநீரில், வாகனப் புகையிலுள்ள நச்சான பென்சீனின் கழிவு 61 சதவீதம் கூடுதலாக வெளியேறியது. நம் பொரியலும் அதே அளவுக்கு வேலை செய்யும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மாத்திரைகளில் எச்சரிக்கை வேண்டும். பின்லாந்தில் 1994-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், பீட்டா கரோட்டீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பி மாத்திரையை உட்கொண்ட புகைப்பிடிப்பவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. ஆஸ்துமா உள்ளவர்கள் கொய்யாவை நம்பி இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.

கிரானைட் குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் வேலை செய்பவர்களுக்கு இந்த உணவுக் கணக்கு எதுவும் போதாது. கிரானைட்டில் உள்ள சிலிக்கா உடையும்போது, அப்போதுதான் உடைந்த துகளின் மேற்பரப்பே தனி உறுப்புகளைத் தாங்கியிருக்கிறது. உள்ளே படிந்த துகள் எளிதில் கரைவதுமில்லை. அங்கே கல்லை அறுக்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் தினமும் முதலில் பார்க்க வேண்டும்.